மணியாகத் தொடங்கிய செம்பு

செம்பால் செய்த மிகப் பழைய பொருள்கள் எவை என்று அகழாய்வு அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தால் கோடரியும் கத்தியும் பின்வரிசையில்தான் வருகின்றன. முன்வரிசையில் இருப்பவை மணிகள், சிறு தகடுகள், தோலைத் துளைக்கும் ஊசிகள், கொக்கிகள். மரம் வெட்டவும் இறைச்சி அறுக்கவும் கதிர் கொய்யவும் கல்லே நன்றாகப் பயன்பட்டுவந்த காலம் அது. எரிமலைக் கண்ணாடியில் பெயர்த்தெடுத்த ஒரு சில்லுக்கு இருக்கும் கூர்மை எந்தச் செம்புக் கத்திக்கும் வராது. அப்படியிருக்க, கல்லைவிட மென்மையான, கிடைப்பதற்கு அரிதான ஒரு பொருளை மனிதர்கள் ஏன் விரும்பி எடுத்தார்கள்? உலோகத் தொழிலின் தொடக்கத்தைப் பற்றிய எல்லா விவாதங்களுக்கும் அடியில் இந்தக் கேள்வி கிடக்கிறது.

பாடநூல்கள் இதை எளிதாகக் கடந்துவிடுகின்றன. கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்ற வரிசையை டென்மார்க்கின் கிறிஸ்டியன் யூர்கென்சன் தாம்சன் 1836இல் அச்சில் வெளியிட்டார். கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் குவிந்து கிடந்த பொருள்களை ஒழுங்காக அடுக்கி வைக்க அவருக்கு ஒரு முறை தேவைப்பட்டது. கல்லுக்கும் வெண்கலத்துக்கும் நடுவே செம்புக்கென்று தனிக்காலம் வேண்டும் என்று ஹங்கேரியின் ஃபெரென்ஸ் புல்ஸ்கி 1876இல் புடாபெஸ்ட் மாநாட்டில் வாதாடினார். அடுக்கி வைப்பதற்காகப் பிறந்த அந்த வரிசையே பிறகு மனித குலம் ஏறிவந்த படிக்கட்டாக வாசிக்கப்பட்டது. கல் மழுங்கியது, நல்ல கருவி தேவைப்பட்டது, உலோகம் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கதையை நாமும் பள்ளியில் படித்தோம். கடந்த அறுபது ஆண்டுகளின் சான்றுகள் இந்தக் கதையைத் தாங்கவில்லை என்பதே என் கருத்து. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் செம்பு நிறத்தால் ஈர்த்தது, அணிகலனாகவே வீட்டுக்குள் வந்தது, கருவியானது பிற்பாடுதான். எல்லா இடத்திலும் அது கருவியாகவும் இல்லை.

நிறத்திலிருந்தே தொடங்குவோம். செம்புத் தாதுகளில் மாலகைட் பளிச்சென்ற பச்சை, அசுரைட் ஆழ்ந்த நீலம். உழவு தொடங்கும் காலத்தை ஒட்டி, இன்றைய இஸ்ரேல், ஜோர்டான், வட இராக் பகுதிகளில் பச்சைக் கல் மணிகள் திடீரெனப் பெருகுகின்றன. அதற்கு முன் வேட்டைச் சமூகங்கள் சிப்பி, எலும்பு, பல் ஆகியவற்றின் வெண்மையையும் செங்காவியையுமே பெரும்பாலும் நாடியிருந்தன. பயிரை நம்பி வாழத் தொடங்கியவர்களுக்கு இளந்தளிரின் பச்சை மங்கலமாகப் பட்டிருக்கலாம் என்று டானியெல்லா பார்-யோசெஃப் மேயரும் நவோமி போராட்டும் 2008இல் எழுதினார்கள். இதை மெய்ப்பிப்பது கடினம். ஆனால் பச்சைக் கல்லைத் தேடிப் போன கண்களுக்குத்தான், அதே பாறையிடுக்கில் ஒட்டிக் கிடந்த சிவந்த உலோகத் துணுக்கு தென்பட்டிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இயற்கைச் செம்பு பெரும்பாலும் மாலகைட்டின் அண்டையிலேயே கிடைக்கும். செப்புப் பாத்திரத்தில் படிந்து நாம் புளி போட்டுத் தேய்த்து நீக்குகிறோமே, அந்தக் களிம்புக்கும் மாலகைட் கல்லுக்கும் வேதியியல் முறையில் நெருங்கிய உறவு உண்டு.

தென்கிழக்குத் துருக்கியில் எர்கனி அருகே சாயோனு என்றொரு மேடு. 1964இல் இஸ்தான்புல்லின் ஹாலெட் சாம்பெலும் சிகாகோவின் ராபர்ட் பிரெய்ட்வுட்டும் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். மேட்டிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் எர்கனி மாடென் செம்புச் சுரங்கம் இருக்கிறது. சாயோனுவில் வாழ்ந்தவர்கள் பானை செய்யக் கற்றிருக்கவில்லை. ஆனால் கி.மு. 8ஆம் ஆயிரமாண்டிலேயே செம்பில் மணியும் ஊசியும் கொக்கியும் செய்திருக்கிறார்கள். மட்பாண்டத்துக்கு முன்பே உலோகம் என்பது படிக்கட்டுக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களைத் திகைக்க வைக்கும்.

இவர்கள் செம்பை உருக்கவில்லை, தட்டினார்கள். தட்டத் தட்டச் செம்பு இறுகும். இறுகிய பின்னும் தட்டினால் விளிம்பில் வெடிப்பு விடும். அதை நெருப்பில் காய்ச்சி எடுத்தால் மீண்டும் இளகிக் கொடுக்கும். உள்ளே இருக்கும் படிகங்கள் புதிதாக அமைந்துகொள்வதே காரணம். இதற்குச் சில நூறு டிகிரி வெப்பம் போதும், விறகடுப்பே அதைத் தந்துவிடும். சாயோனுப் பொருள்களையும், நடுத் துருக்கியின் அஷிக்லி ஹூயுக் மணிகளையும் நுண்ணோக்கியில் பார்த்தபோது இப்படிக் காய்ச்சித் தட்டிய தடயம் தெரிந்தது. கல்லுக்கு இந்தக் குணம் கிடையாது. கல்லில் ஒரு தவறு நேர்ந்தால் சில்லு பெயர்ந்துவிடும், திருத்த வழியில்லை. தவறைத் திருத்த இடம் கொடுக்கும் உறுதியான பொருளை மனிதக் கை சந்தித்தது இங்கேதான். உருக்குவதைப் பற்றி மாய்ந்து மாய்ந்து எழுதுகிறவர்கள் இந்தக் கணத்துக்கு இரண்டு வரிகூட ஒதுக்குவதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

சிரில் ஸ்டான்லி ஸ்மித் விதிவிலக்கு. இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டுத் திட்டத்தின் உலோகவியலாளராக இருந்தவர், பின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அமர்ந்து பழம்பொருள்களை நுண்ணோக்கியின் கீழ் படித்தார். மேற்கு ஈரானின் அலி கோஷ் மேட்டில் கிடைத்த சிறு மணி அவர் கைக்கு வந்தது. இயற்கைச் செம்பைத் தகடாகத் தட்டிச் சுருட்டிய மணி. பொருள்களின் குணங்களை மனிதன் முதலில் கண்டறிந்தது அழகைத் தேடிய கைகளால்தான், பயன் பின்னால் வந்தது என்று ஸ்மித் தொடர்ந்து எழுதிவந்தார். அவர் காலத்தில் இது ஒரு கலையன்பரின் விருப்பமாகப் பார்க்கப்பட்டது. அதன் பின் கிடைத்த சான்றுகளில் பெரும்பகுதி அவர் பக்கம்தான் சாய்கிறது.

போலன் கணவாயின் அடியில் பலுசிஸ்தானத்தில் இருக்கும் மெஹர்கர் நமக்கு இன்னும் அருகிலுள்ள சான்று. கி.மு. 6ஆம் ஆயிரமாண்டைச் சேர்ந்த ஒரு புதைகுழியில் எட்டுச் செம்பு மணிகள் கிடைத்தன. ஒரு மணியின் துளைக்குள், களிம்பில் ஊறிக் கல்லாகிப்போன நூலிழை எஞ்சியிருந்தது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதைப் பிரித்தறிந்து 2002இல் வெளியிட்டார்கள்: பருத்தி. உலகில் பருத்தி நூலுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, ஒரு செம்பு மணி கோக்கப்பட்டதால் மட்டுமே நமக்கு மிஞ்சியிருக்கிறது. அதே மெஹர்கரில் ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய, ஆறு ஆரங்கள் கொண்ட சிறு சக்கரத் தாயத்து ஒன்றும் கிடைத்தது. பிரான்ஸின் சோலே சின்க்ரோட்ரான் ஆய்வுக்கூடத்தில் அதை ஆராய்ந்தவர்கள், முழு உருவையும் மெழுகில் செய்து மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, ஒரே வார்ப்பாக வார்த்திருக்கிறார்கள் என்று 2016இல் நிறுவினார்கள். இன்று சுவாமிமலைச் சிற்பியர் கைக்கொள்ளும் மெழுகு வார்ப்பின் அடிப்படை இதுவேதான். அந்த மிகப் பழைய மெழுகு வார்ப்பும் அணியும் பொருளுக்காகவே செய்யப்பட்டிருக்கிறது.

இனி உருக்கும் கதைக்கு வருவோம். கல்லிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது, கிடைத்த உலோகத்தைத் தட்டுவதிலிருந்து முற்றிலும் வேறான செயல். பச்சைத் தாதுவைக் கரியோடு சேர்த்துக் காற்று அதிகம் புகாமல் சுட வேண்டும். கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும், செம்பு தனித்து நிற்கும். இது உருகுநிலைக்கு வெகு கீழேயே நடந்துவிடும். ஆனால் பிரிந்த துணுக்குகள் ஒன்றுகூடித் திரள வேண்டுமானால் வெப்பம் 1,085 டிகிரி செல்சியஸைத் தாண்டியாக வேண்டும். திறந்த நெருப்பில் இரண்டுமே நடப்பது அரிது. அங்கே காற்றும் அதிகம், வெப்பமும் போதாது. குளிர்காய மூட்டிய நெருப்பைச் சுற்றி வைத்த கற்களிலிருந்து செம்பு ஒழுகி ஓடியது என்ற பழைய கதை இந்த வேதியியலில்தான் தடுக்கி விழுந்தது. பிரிட்டனின் எச். எச். காக்லன் 1930களின் இறுதியில் அதைச் செய்தே பார்த்தார். திறந்த நெருப்பு கைவிட்டது. மாலகைட்டை மூடிய மண்கலத்துக்குள் வைத்துச் சுட்டபோது செம்பு வந்தது. அன்றிலிருந்து, குயவரின் சூளையே உலோகத்தின் தாய் என்ற கருத்து நிலைபெற்றது.

கேட்கப் பொருத்தமாகத் தோன்றும் இந்தக் கருத்தும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. கிழக்கு செர்பியாவில் வின்ச்சா பண்பாட்டைச் சேர்ந்த பெலோவோதே என்ற ஊரில், கி.மு. 5000ஐ ஒட்டிய சில உருக்குக் கசடுத் துண்டுகள் கிடைத்தன. மிலியானா ராதிவொயெவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட இந்தச் சான்று, நாளது வரை காலம் உறுதியான மிகப் பழைய செம்பு உருக்கலாக நிற்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான் அந்தக் கசடு. பெரிய உலை எதுவும் அங்கே இல்லை. நிலத்தில் ஒரு குழி, விளிம்பில் உடைந்த பானை ஓடுகள், வாயாலோ குழலாலோ ஊதிய காற்று என்ற அளவில்தான் வேலை நடந்திருக்க வேண்டும். அதே மக்கள் கறுத்து மினுங்கும் அருமையான பானைகள் செய்தவர்கள். சூளைத் திறனே உருக்கலுக்கு வழிவிட்டது என்று அதனாலேயே பலரும் நம்பினார்கள். ஆனால் பெலோவோதே, அதே பண்பாட்டின் ப்ளோச்னிக் ஆகிய ஊர்களின் பானை ஓடுகளைத் தனியே ஆராய்ந்தவர்கள், பானை சுடும் முறைக்கும் செம்பு உருக்கும் முறைக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை என்று 2020இல் எழுதினார்கள். குயவரின் நெருப்பறிவு அந்தச் சூழலில் இருந்தது உண்மை. உருக்குகிறவர்கள் தங்கள் நெருப்பைத் தாங்களே கண்டுகொண்டார்கள் என்றே படுகிறது.

பெலோவோதேயில் என்னை மிகவும் கவர்வது வேறொன்று. அங்கே மணி செய்யத் தூய பச்சை மாலகைட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உருக்குவதற்கு எடுத்ததோ கறுப்பும் பச்சையும் கலந்த கல். அந்தக் கறுப்பு மாங்கனீசு; உருக்கும்போது கசடு இளகிப் பிரிய அது உதவும். மாங்கனீசு என்ற பெயரை அறியாதவர்கள், எந்தக் கல் நெருப்பில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நிறத்தால் அறிந்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக மணிக்காகப் பச்சைக் கல்லை இனம்பிரித்துப் பழகிய கண்தான் இந்த வேறுபாட்டையும் கண்டிருக்க வேண்டும். அணிகலனிலிருந்து உலைக்கு ஒரு பாதை இருந்ததென்றால், அது இந்தக் கண்களின் வழியாகவே போயிருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கசடு கிடைத்தது என்ற ஒரு வரியால் வரலாறு ஐம்பது ஆண்டுகள் திசைமாறிப் போனதுண்டு. நடுத் துருக்கியின் சத்தல்ஹூயுக்கில் கி.மு. 6500ஐ ஒட்டிய ஒரு புதைகுழியில் கிடைத்த கறுத்த கட்டியை உருக்குக் கசடு என்று 1964இல் அறிவித்தார்கள். உலகின் முதல் உலைக்கூடம் என்று அது நூலுக்கு நூல் ஏறியது. 2017இல் ராதிவொயெவிச், திலோ ரேரென் ஆகியோரின் குழு அதை மறுபடி ஆராய்ந்தது. பிணத்தோடு வைத்த பச்சை வண்ணப்பொடி, பின்னர் அங்கே மூண்ட தீயில் தற்செயலாக வெந்து கறுத்திருந்தது. யாரும் எதையும் உருக்கவில்லை. இறந்தவரோடு பச்சை நிறத்தை அனுப்பிவைத்தார்கள் என்பதே அங்கே மிஞ்சும் செய்தி. முதல் உலை என்ற பெருமையைவிட அது எனக்குக் குறைவாகத் தோன்றவில்லை.

உருக்கும் கலை ஓரிடத்தில் பிறந்து பரவியதா, பல இடங்களில் தனித்தனியே பிறந்ததா? தொல்லியலாளர் கோர்டன் சைல்டு காலத்தில் ஐயமே இருக்கவில்லை. மேற்காசியாவில் பிறந்து, ஊர் ஊராகச் சென்ற கொல்லர்களோடு ஐரோப்பாவை அடைந்தது என்பதே முடிபு. கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு அதை அசைத்தது. பால்கன் நாடுகளின் செம்பு எதிர்பார்த்ததைவிட மிகப் பழையதென்று தெரிந்ததும், அது அங்கேயே பிறந்த கலை என்று காலின் ரென்ஃப்ரூ 1969இல் வாதிட்டார். 2009இல் பெஞ்சமின் ராபர்ட்ஸ், கிறிஸ்டோபர் தார்ன்டன், வின்சென்ட் பிகாட் மூவரும் ஒற்றைத் தோற்றத்தை மீண்டும் தூக்கி நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே பெலோவோதே வந்துவிட்டது. ஈரானில் கெர்மான் அருகே தல்-இ இப்லிஸ் மேட்டில் கி.மு. 5ஆம் ஆயிரமாண்டின் உலோகம் உருக்கும் மூசை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஈரானும் செர்பியாவும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்க, இடையிலுள்ள துருக்கியின் அனடோலியாவில் அவ்வளவு பழைய உருக்கல் சான்று இல்லை. ஒற்றைத் தோற்றத்துக்கு இந்த இடைவெளி பெரிய இடர். இரண்டு தனித் தொடக்கங்கள் என்பதே என் சாய்வு. இடைப்பட்ட ஊர்களில் நாளை ஒரு கசடு கிடைத்தால் அதை மாற்றிக்கொள்ள வேண்டிவரும்.

உருக்கத் தெரிந்த பின்னாவது செம்பு உழைக்கும் பொருளாயிற்றா? பால்கனில் ஓரளவு ஆயிற்று. செர்பியாவின் ருத்னா கிளாவா, பல்கேரியாவின் ஐ பூனார் ஆகிய சுரங்கங்களில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கித் தாது எடுத்தார்கள். தென்கிழக்கு ஐரோப்பாவில் அக்காலத்துச் செம்புப் பொருள்களாக இன்று கையில் இருப்பவை மட்டும் ஏறக்குறைய 4.7 டன். கனத்த கோடரிகளும் உளிகளும் அவற்றில் நிறைய. ஆனால் கருங்கடல் கரையில் 1972இல் வெளிப்பட்ட வார்னா இடுகாடு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அங்கே ஏறக்குறைய 6 கிலோ பொன்னும், அதனோடு செம்புக் கோடரிகளும் சிலரது குழிகளில் மட்டும் குவிந்திருந்தன. அந்தச் செழிப்பும் நீடிக்கவில்லை. கி.மு. 4ஆம் ஆயிரமாண்டில் பால்கன் உலோகத் தொழில் பல நூற்றாண்டுகளுக்குச் சுருங்கிப் போயிற்று.

இன்னும் தெளிவான சாட்சி யூதேயப் பாலைவனத்தில் இருக்கிறது. 1961இல் பெசாக் பார்-அடோன் நஹல் மிஷ்மார் பள்ளத்தாக்கின் செங்குத்தான குகை ஒன்றில் கோரைப்பாயில் சுற்றிய புதையலைக் கண்டெடுத்தார். 400க்கும் மேற்பட்ட செம்புப் பொருள்கள்: கிரீடங்கள், செங்கோல்கள், தண்டுத் தலைகள், மலையாட்டுத் தலைகள். நுணுக்கமானவை மெழுகு வார்ப்பு. அவற்றில் ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் கலந்த செம்பு, தொலைவிலிருந்து வந்தது. அதே மக்கள் உளி, கோடரி போன்ற எளிய கருவிகளை ஜோர்டானின் ஃபைனான் தாதுவிலிருந்து எடுத்த தூய செம்பில் செய்தார்கள். அந்தத் தாதுவைச் சுரங்கத்தருகே உருக்காமல், 100 கிலோமீட்டருக்கு மேல் சுமந்து பீர்ஷெபா ஊர்களுக்குக் கொண்டுவந்து உருக்கினார்கள். கல்லைச் சுமப்பது எளிதல்ல. தொழிலின் மறையைச் சில ஊர்களின் கைகளுக்குள் வைத்திருக்கவே இந்தப் பாடு என்று பலர் கருதுகிறார்கள். அரிய கலப்பும் அரிய உழைப்பும் சடங்குப் பொருளுக்கே போயின.

கருவியாக உழைத்த செம்பும் உண்டுதான். ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கிடைத்த ஓட்ஸி, 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதன், யூ மரக் கைப்பிடி பூட்டிய செம்புக் கோடரியை வைத்திருந்தான். அலகில் பயன்பாட்டுத் தேய்வு இருக்கிறது. அதன் செம்பு தெற்கு டஸ்கனியிலிருந்து வந்தது என்று ஈய ஐசோடோப்புச் சோதனை 2017இல் காட்டியது. ஆனால் அவனுடைய கத்தியும் அம்பு முனைகளும் கல்தான்.

படிக்கட்டுக் கதையை முழுதாக உடைப்பது வட அமெரிக்கா. சுப்பீரியர் ஏரிக்கரையின் கீவினா தீபகற்பத்திலும் ஐல் ராயல் தீவிலும் இயற்கைச் செம்பு பாறைக்குள் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. ஓஜிப்வே மக்கள் புனிதமாகக் கருதிய ஒன்டனாகன் செம்புப் பாறை ஒன்று மட்டும் 1.7 டன் எடை. 1843இல் அதை அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுபோனார்கள், இப்போது ஸ்மித்சோனியனில் இருக்கிறது. அந்தப் பகுதியின் வேட்டைச் சமூகங்கள் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன்பே செம்பைத் தட்டிக் கருவி செய்யத் தொடங்கியதாக டேவிட் பாம்பியானி குழுவின் 2021 ஆய்வு சொல்கிறது. சாயோனுவோடு ஒப்பிடத்தக்க பழமை அது. ஆயிரமாயிரம் ஆண்டுகள் ஈட்டிமுனை, கத்தி, தூண்டில், துளைப்பூசி என்று செய்துவந்தார்கள், காய்ச்சித் தட்டும் நுட்பத்தையும் அறிந்திருந்தார்கள். ஆனால் உருக்கவில்லை. தூய செம்பு காலடியிலேயே கிடைக்கும்போது தாதுவோடு போராட வேண்டிய காரணம் அவர்களுக்கு இல்லை.

அதற்குப் பின் நடந்தது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. ஏறக்குறைய 3,500 ஆண்டுகளுக்கு முன் செம்புக் கருவிகள் குறைந்து, மணியும் காப்பும் தகடும் மேலோங்கின. கருவிகள் பெரும்பாலும் கல்லுக்கும் எலும்புக்கும் திரும்பின, துளைப்பூசி மட்டும் செம்பில் நீடித்தது. கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மிஷெல் பெபரும் மெட்டின் எரெனும் செம்பிலும் கல்லிலும் ஒரே வடிவ முனைகளைச் செய்து எய்து பார்த்தார்கள். கல் முனையைவிடச் செம்பு முனை சிறப்பாக இல்லை. உழைப்பையும் பயனையும் எடைபோட்டு அந்த மக்கள் எடுத்த முடிவு இது. இதைப் பின்னடைவு என்று எழுதுகிறவர்கள் தங்கள் மனப்படிக்கட்டைத்தான் அந்த ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

இந்தியாவுக்குள் வந்தால் கதை மறுபடி கிளைபிரிகிறது. ராஜஸ்தானின் கேத்ரிச் செம்புப் பட்டையை ஒட்டிய கணேஷ்வரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செம்புப் பொருள்கள், அம்பு முனைகளும் தூண்டில்களும் வளையல்களுமாக, கிடைத்தன. ஹரப்பா நகரங்களுக்குச் செம்பு அனுப்பிய ஊர்களில் அதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது. தமிழகமோ செம்புக்காலம் என்று தனியே சுட்டத்தக்க ஒரு கட்டத்தைக் காணவில்லை. புதிய கற்காலத்திலிருந்து நேராக இரும்புக்குப் போயிற்று. மயிலாடும்பாறை இரும்பு கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் 2025 அறிக்கை, சிவகளை இரும்பைக் கி.மு. 4ஆம் ஆயிரமாண்டு வரை கொண்டுபோகிறது. அந்தக் காலக்கணிப்பு பற்றிய விவாதம் அறிஞர்களிடையே நடந்துகொண்டிருக்கிறது. கணக்கு எங்கே போய் நின்றாலும் காரணத்தை ஊகிக்கலாம்: இங்கே இரும்புத் தாது ஏராளம், செம்புத் தாது அருமை.

செம்பு இங்கே தாமதமாகவும் தொலைவிலிருந்தும்தான் வந்திருக்க வேண்டும், வெள்ளீயமும் அப்படியே. ஆதிச்சநல்லூரில் 1899க்கும் 1905க்கும் இடையே தோண்டிய அலெக்சாண்டர் ரீயின் பட்டியலில் வாள், ஈட்டி, மண்வெட்டி எல்லாம் இரும்பு. வெண்கலத்தில் இருப்பவை எருமையும் பறவையும் அமர்ந்த மூடிகள், தாங்கிகள், கிண்ணங்கள், வளையங்கள். நீலகிரிக் கல்லறைகளில் கிடைத்த வெள்ளீயம் மிகுந்த வெண்கலக் கிண்ணங்களும் அதே இனம்: மெல்லியவை, நயமானவை. உழுவதற்கும் வெட்டுவதற்கும் இரும்பை வைத்திருந்த தமிழகம், அரிதாகக் கிடைத்த செம்பை அழகுக்கும் சடங்குக்கும் ஒதுக்கியிருக்கிறது. அந்தச் செம்பு எந்த மலையிலிருந்து வந்தது என்பதை, ஓட்ஸியின் கோடரிக்குச் செய்ததைப் போன்ற ஐசோடோப்புச் சோதனைகளை ஆதிச்சநல்லூர் மூடிகளுக்கும் நீலகிரிக் கிண்ணங்களுக்கும் விரிவாகச் செய்தால் கண்டுபிடித்துவிடலாம்.